போட்டோ எடிட்டிங் செய்ய பெரிய மானிட்டர்: எதைப் பார்த்து வாங்குவது?

திருக்கடையூரில் என் அப்பாவுக்கு அறுபதாம் கல்யாணம் நடந்தது. போட்டோ எடுத்தது சித்தப்பா மகன். "ஆல்பத்தை வெளியில் கொடுக்க வேண்டாம், நானே கம்ப்யூட்டரில் டிசைன் செய்கிறேன்" என்று வீட்டில் பெருமையாகச் சொல்லிவிட்டேன். அதற்கென்றே 32 இன்ச் மானிட்டர் ஒன்றையும் வாங்கினேன். பெரிய திரை, வளைந்த திரை, கடையில் பளபளவென்று மின்னியது. விலையும் கட்டுப்படியானது. வேறென்ன வேண்டும்?

மூன்று வாரம் இரவு நேரங்களில் உட்கார்ந்து இருபது ஷீட்டுகளை முடித்தேன். ஒவ்வொன்றும் 12க்கு 36 இன்ச். லேபிலிருந்து ஆல்பம் வந்த அன்று வீட்டில் எல்லோரும் கூடிவிட்டார்கள். முதல் பக்கத்தைத் திருப்பியதுமே எனக்குத் தொண்டை அடைத்தது. கோவில் மண்டபத்தில் எடுத்த படங்களில் அப்பாவின் முகம் கரி பூசியதுபோல் இருந்தது. பின்னால் நின்றவர்களின் தலைமுடியும் தூணும் ஒன்றாகிக் கறுப்பாகக் கிடந்தன. அம்மாவின் அரக்குப் பட்டு செங்கல் நிறத்தில் இருந்தது. "ஏண்டா, நான் இந்தக் கலர் புடவையா கட்டியிருந்தேன்?" என்று அம்மா கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை.

மறுநாள் லேபுக்குச் சண்டைக்குப் போனேன். லேப்காரர் கோபப்படவில்லை. நான் கொடுத்த பைலையே தன் மானிட்டரில் திறந்து காட்டினார். அங்கும் அதே இருட்டு, அதே செங்கல் நிறம். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "சார், உங்க மானிட்டர்ல பிரைட்னஸ் எவ்வளவு வெச்சிருக்கீங்க?"

100. பெட்டியிலிருந்து எடுத்தபோது எப்படி இருந்ததோ அப்படியே வைத்திருந்தேன். கண்ணைப் பறிக்கும் வெளிச்சத்தில் என் படங்கள் எல்லாம் சரியாகத் தெரிந்தன. அதனால் படத்தை வெளிச்சமாக்க வேண்டும் என்ற எண்ணமே வரவில்லை. தவிர, அந்த மானிட்டர் 'விவிட்' என்ற மோடில், நீலம் தூக்கலாக இருந்தது. நீலத்தைக் குறைக்கிறேன் என்று ஒவ்வொரு படத்திலும் மஞ்சளையும் சிவப்பையும் ஏற்றியிருந்தேன். பேப்பரில் மானிட்டரின் நீலம் கிடையாது. நான் ஏற்றிய மஞ்சளும் சிவப்பும் மட்டும் மிஞ்சின.

போட்டோ எடிட்டிங் செய்பவருக்கு மானிட்டர் ஒரு தராசு. தட்டு பெரிதாக இருக்கிறது என்பதற்காக எடை சரியாகிவிடாது. பெரிய மானிட்டர் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. இப்போது என் மேஜையில் இருப்பதும் பெரிய மானிட்டர்தான். ஆனால் இன்ச் கணக்கைப் பார்க்கும் முன் பார்க்க வேண்டியவை சில இருக்கின்றன. அவற்றைத் தெரிந்துகொள்ளாமல் போனதால் நான் இரண்டு முறை மானிட்டர் வாங்கினேன்.

எத்தனை இன்ச்?

மானிட்டரின் அளவை மூலைக்கு மூலை அளந்து சொல்கிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். நமக்குத் தேவைப்படுவது அகலமும் உயரமும். 24 இன்ச் என்று விற்கப்படும் 23.8 இன்ச் மானிட்டரின் திரை சுமார் 20.7 இன்ச் அகலம், 11.7 இன்ச் உயரம். 27 இன்ச் மானிட்டர் 23.5 இன்ச் அகலம், 13.2 இன்ச் உயரம். 32 இன்ச் என்று விற்கப்படுபவற்றில் பல உண்மையில் 31.5 இன்ச். அவற்றின் அகலம் 27.4 இன்ச், உயரம் 15.4 இன்ச்.

இப்போது கல்யாண ஆல்பத்தை நினைத்துக்கொள்ளுங்கள். 12க்கு 36 ஷீட்டை விரித்தால் இரண்டு பக்கம். ஒரு பக்கம் 12க்கு 18 இன்ச். 24 இன்ச் மானிட்டரில் இந்தப் பக்கம் நிஜ அளவில் அடங்காது, உயரம் பற்றாது. 27 இன்ச்சில் அடங்கும். பக்கவாட்டில் லேயர்ஸ், டூல்ஸ் பேனல்களை வைக்க ஐந்து இன்ச்சுக்கு மேல் மிச்சம் இருக்கும். உயரத்தில் மிச்சம் குறைவு என்பதால் போட்டோஷாப்பில் எஃப் விசையைத் தட்டி முழுத்திரைக்கு மாறிப் பாருங்கள். முகம் ஆல்பத்தில் எந்த அளவில் வரப்போகிறதோ அதே அளவில் கண்முன்னே தெரியும். கண்ணுக்கும் திரைக்கும் இரண்டு அடி தூரம் விட்டு உட்கார்ந்தால் தலையைத் திருப்பாமல் முழுத் திரையையும் பார்க்கலாம். சாதாரண வீட்டு மேஜைக்கு 27 இன்ச் பொருத்தம் என்று நான் சொல்வது இதனால்தான்.

32 இன்ச் தவறில்லை. ஆனால் மேஜை ஆழமாக இருக்க வேண்டும். இரண்டரை மூன்று அடி தள்ளி உட்கார இடமில்லை என்றால் மூலைகளைப் பார்க்கக் கழுத்து வலிக்கும். 32 இன்ச்சுக்கு மேற்பட்ட மானிட்டர்களுக்கான ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 அன்று 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. 'இன்னும் பெரிதாகவே வாங்கலாமே' என்று ஆசை வரும். மேஜையை அளந்துவிட்டு ஆசைப்படுங்கள்.

வளைந்த மானிட்டரை மட்டும் இந்த வேலைக்கு எடுக்க வேண்டாம் என்பேன். கேம் ஆடவும் படம் பார்க்கவும் அது சுகமாக இருக்கும். கோவில் தூண் நேராக இருக்கிறதா, ஆல்பம் பார்டர் நேராக இருக்கிறதா என்று பார்க்க வேண்டியவருக்கு வளைவு தொந்தரவுதான்.

பிக்ஸல் நெருக்கம்

நான் முதலில் வாங்கிய 32 இன்ச் மானிட்டரின் ரெசொல்யூஷன் 1920க்கு 1080. 24 இன்ச் மானிட்டரிலும் இதே ரெசொல்யூஷன் வருகிறது. அதே பிக்ஸல்களைப் பெரிய பரப்பில் இழுத்துப் பரப்பினால் என்ன ஆகும்? 24 இன்ச்சில் ஓர் இன்ச்சுக்குச் சுமார் 92 பிக்ஸல்கள் இருக்கின்றன. 27 இன்ச்சில் அது 82 ஆகிறது. 32 இன்ச்சில் 70தான். கண் இமையின் முடி படிக்கட்டுபோல் தெரியும். படம் ஷார்ப்பாக இருக்கிறதா இல்லையா என்று தீர்மானிக்கவே முடியாது. "32 இன்ச், ஃபுல் எச்டி, சலுகை விலை" என்று போர்டு பார்த்தால் டிவி பார்ப்பவர்களுக்கு விட்டுவிடுங்கள்.

27 இன்ச்சுக்கு 2560க்கு 1440 பொருத்தமானது. கடைகளில் இதை கியூஎச்டி அல்லது 2கே என்பார்கள். ஓர் இன்ச்சுக்கு 109 பிக்ஸல். 300 டிபிஐ ஆல்பம் பைலை 36 சதவீத ஜூமில் வைத்தால் ஏறக்குறைய நிஜ அளவில் தெரியும். விண்டோஸில் ஸ்கேலிங் எதுவும் மாற்றாமலே எழுத்துக்களைப் படிக்கலாம். இந்த 2560 பிக்ஸல் அகலம் வீட்டு மேஜைக்கு வர எத்தனை காலம் ஆனது தெரியுமா? ஆப்பிள் நிறுவனம் 2004ல் 30 இன்ச் மானிட்டரை 2560க்கு 1600 ரெசொல்யூஷனில் வெளியிட்டது. அமெரிக்காவில் அறிவித்த விலை 3,299 டாலர். அதை இயக்க டூயல் லிங்க் டிவிஐ உள்ள தனி கிராபிக்ஸ் கார்டு வேண்டியிருந்தது. இன்று சாதாரண கம்ப்யூட்டரின் ஆன்போர்டு கிராபிக்ஸே இதைச் செய்துவிடுகிறது.

4கே என்றால் 3840க்கு 2160. 27 இன்ச்சில் ஓர் இன்ச்சுக்கு 163 பிக்ஸல், 31.5 இன்ச்சில் 140. படம் அச்சடித்ததுபோல் இழைத்துக் காட்டும். பட்ஜெட் இருந்தால் தாராளமாக வாங்கலாம். ஆனால் இரண்டு சங்கதிகளைக் கவனியுங்கள். விண்டோஸில் ஸ்கேலிங்கை 150 சதவீதம் அளவுக்கு வைக்க வேண்டிவரும். போட்டோஷாப் சிஎஸ்5, சிஎஸ்6 போன்ற பழைய பதிப்புகளை வைத்திருப்பவர்களுக்கு மெனுவும் டூல்களும் எறும்புபோல் தெரியும். இரண்டாவது, 4கே திரையில் 100 சதவீத ஜூமில் பார்க்கும்போது பிக்ஸல்கள் மிகச் சிறிதாக இருப்பதால் புள்ளிப் புள்ளியான நாய்ஸ் கண்ணில் படாது. ஷார்ப்னெஸ் போதவில்லை என்று நினைத்து அதிகமாக ஏற்றிவிடுவோம். அந்த வேலையை மட்டும் 200 சதவீத ஜூமில் செய்யுங்கள்.

உள்ளே இருக்கும் பேனல்

டிஎன் பேனல் பழையது, விலை குறைந்தது. மேலிருந்து பார்த்தால் ஒரு நிறம், கீழிருந்து பார்த்தால் வேறு நிறம். பெரிய மானிட்டரில் நேராக உட்கார்ந்திருந்தாலே திரையின் மேல் பகுதியும் கீழ் பகுதியும் வெவ்வேறாகத் தெரியும். போட்டோவுக்கு ஆகாது. விஏ பேனலில் கறுப்பு நன்றாகக் கறுப்பாக இருக்கும். கான்ட்ராஸ்ட் 3000:1 அளவு. ஆனால் சற்று விலகிப் பார்த்தால் நிழல் பகுதிகளின் விவரம் மாறிவிடும். என் வளைந்த மானிட்டர் இந்த வகைதான்.

ஐபிஎஸ் பேனலில் பக்கவாட்டிலிருந்து பார்த்தாலும் நிறம் பெரிதாக மாறாது. சாதாரண ஐபிஎஸ்ஸின் கான்ட்ராஸ்ட் 1000:1 அளவுதான். அதனால் விஏவைவிட மட்டம் என்று கடையில் சொல்வார்கள். பிரின்ட் போடும் போட்டோ பேப்பரின் கான்ட்ராஸ்ட் இதில் ஒரு சிறு பங்குதான் என்பதை நினைவில் வையுங்கள். நம் வேலைக்கு 1000:1 போதும். 2022 முதல் 'ஐபிஎஸ் பிளாக்' என்ற பெயரில் 2000:1 கான்ட்ராஸ்ட் தரும் மானிட்டர்களும் வருகின்றன. ஓஎல்இடி மானிட்டர்களில் கறுப்பு அபாரம். ஆனால் போட்டோஷாப் மெனு, டாஸ்க்பார் என்று ஒரே உருவம் மணிக்கணக்கில் நிற்கும் வேலைக்கு அதை வைத்தால் அந்த உருவத்தின் தடம் திரையில் நிரந்தரமாகப் பதிந்துவிடும் அபாயம் இருக்கிறது. தினமும் எட்டு மணி நேரம் எடிட் செய்பவருக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

பெட்டியில் இருக்கும் சதவீதங்கள்

'100% எஸ்ஆர்ஜிபி', '99% அடோப் ஆர்ஜிபி', '95% பி3', '72% என்டிஎஸ்சி' என்று பெட்டி முழுக்க எண்கள் இருக்கும். எந்த எண் பெரிதோ அதை எடுப்பது நம் வழக்கம். இங்குதான் பலர் ஏமாறுகிறார்கள்.

மானிட்டர் காட்டக்கூடிய நிறங்களின் எல்லையைத்தான் இவை சொல்கின்றன. எஸ்ஆர்ஜிபி என்பதை எச்பியும் மைக்ரோசாஃப்டும் சேர்ந்து 1996ல் முன்வைத்தன. 1999ல் அது சர்வதேசத் தரம் ஆனது. நம் மொபைலும் கேமராவும் சாதாரணமாகத் தரும் ஜேபெக் படங்கள் பெரும்பாலும் இந்த எல்லைக்குள்தான் இருக்கும் (சில புதிய மொபைல்கள் பி3யில் சேமிக்கின்றன). கலர் லேப்களும் பொதுவாக எஸ்ஆர்ஜிபி பைலைத்தான் கேட்கின்றன. அடோப் ஆர்ஜிபி 1998ல் வந்தது. பச்சை, பச்சை கலந்த நீலம் ஆகிய பக்கங்களில் எஸ்ஆர்ஜிபியைவிட அகலமானது. பி3 சினிமா தியேட்டருக்கென்று வகுக்கப்பட்டது. சிவப்பிலும் பச்சையிலும் அகலமானது.

பட்டுப்புடவை எடுத்த அனுபவம் உள்ளவர்களுக்கு இது உடனே புரியும். மயில்கழுத்து நிறப் பட்டை எஸ்ஆர்ஜிபியில் அப்படியே கொண்டுவருவது கடினம். அதன் ஜொலிப்பில் ஒரு பங்கு எல்லைக்கு வெளியே போய்விடுகிறது. அப்படியானால் அடோப் ஆர்ஜிபி மானிட்டர்தான் வாங்க வேண்டுமா? லேப் எஸ்ஆர்ஜிபி பைலை வாங்கித்தான் பிரின்ட் போடப்போகிறது என்றால், திரையில் மட்டும் தெரிந்து பேப்பரில் வராத ஜொலிப்பால் என்ன பயன்? வீட்டில் ஆறு, எட்டு இங்க் கொண்ட நல்ல இங்க்ஜெட் பிரின்டர் வைத்து நீங்களே பிரின்ட் எடுப்பவர் என்றால் அது வேறு விஷயம். மற்றவர்களுக்கு முழு எஸ்ஆர்ஜிபி காட்டும் மானிட்டர் போதும். மிச்சப் பணத்துக்கு ஒரு செலவு இருக்கிறது, பிறகு சொல்கிறேன்.

அகலமான நிற எல்லை கொண்ட மானிட்டரில் வேறொரு சிக்கலும் உண்டு. போட்டோஷாப், லைட்ரூம், கிம்ப் போன்றவை கலர் புரொஃபைலைப் புரிந்துகொண்டு நிறத்தைச் சரிசெய்து காட்டும். புரொஃபைலைக் கண்டுகொள்ளாத சாஃப்ட்வேரில் அதே படம் முகமெல்லாம் தக்காளியாகத் தெரியும். எந்த நிறத்தை நம்புவது என்று குழம்பிப்போவீர்கள். இதற்காகத்தான் மானிட்டர் மெனுவில் எஸ்ஆர்ஜிபி மோட் என்று ஒன்று தருகிறார்கள். அந்த மோடில் பிரைட்னஸை மாற்ற முடிகிறதா என்று வாங்கும் முன்பே பாருங்கள். சில மானிட்டர்களில் எஸ்ஆர்ஜிபிக்கு மாறியதும் பிரைட்னஸ் பூட்டப்பட்டுவிடும். அப்படிப்பட்ட மானிட்டர் நமக்கு வேண்டாம்.

என்டிஎஸ்சி சதவீதத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அது 1953ல் அமெரிக்கக் கலர் டிவிக்காக வகுத்த அளவு. '72% என்டிஎஸ்சி' என்பது பரப்பளவில் ஏறக்குறைய முழு எஸ்ஆர்ஜிபிக்குச் சமம். '45% என்டிஎஸ்சி' என்று இருந்தால் அங்கிருந்து நகர்ந்துவிடுங்கள், அதில் சிவப்பு வெளிறிப்போயிருக்கும். '125% எஸ்ஆர்ஜிபி' என்று போட்டிருந்தால் பரப்பளவைச் சொல்கிறார்கள். எஸ்ஆர்ஜிபிக்குள் எத்தனை சதவீதத்தை முழுமையாகக் காட்டுகிறது என்ற 'கவரேஜ்' எண்ணைத் தேடுங்கள்.

8 பிட் பேனலில் ஒவ்வொரு அடிப்படை நிறத்திலும் 256 படிகள், மொத்தம் சுமார் 1 கோடியே 67 லட்சம் நிறங்கள். 6 பிட் பேனலில் 64 படிகள்தான், மற்றதை வேகமாக மாற்றி மாற்றிக் காட்டி ஒப்பேற்றுவார்கள். அந்திவானம் போன்ற படங்களில் பட்டை பட்டையாகத் தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம். 8 பிட் கேட்டு வாங்குங்கள். 10 பிட் கூடுதல் வசதி, அவ்வளவுதான்.

லேப்காரர் கேட்ட கேள்வி

இனி பிரைட்னஸுக்கு வருவோம். மானிட்டரின் வெளிச்சத்தைச் சதுர மீட்டருக்கு இத்தனை கேண்டெலா என்று அளக்கிறார்கள். சுருக்கமாக நிட்ஸ் என்பார்கள். இன்றைய மானிட்டர்கள் 250 முதல் 400 நிட்ஸ் வரை தருகின்றன. பிரின்ட் எடுப்பதற்காக எடிட் செய்யும்போது தேவைப்படுவது 80 முதல் 120 நிட்ஸ்தான். பேப்பருக்குச் சொந்த வெளிச்சம் கிடையாது. அறையில் உள்ள வெளிச்சத்தைத்தான் அது திருப்பித் தருகிறது. 300 நிட்ஸ் திரையில் பார்த்துச் சரி என்று அனுப்பிய படம் பேப்பரில் இருட்டாக வருவதில் ஆச்சரியம் இல்லை.

கருவி எதுவும் இல்லாமல் இன்றே ஒன்றைச் செய்து பார்க்கலாம். நீங்கள் வழக்கமாக எடிட் செய்யும் அறை வெளிச்சத்தில் ஒரு வெள்ளை ஏ4 பேப்பரை மானிட்டருக்குப் பக்கத்தில் பிடியுங்கள். திரையில் காலியான வேர்ட் பக்கத்தைத் திறந்து வையுங்கள். திரையின் வெள்ளை டியூப்லைட்போல் எரிந்து, பேப்பர் அழுக்காகத் தெரிகிறதா? இரண்டும் ஒரே அளவு வெள்ளையாகத் தெரியும் வரை மானிட்டரின் பட்டனை அழுத்தி பிரைட்னஸைக் குறைத்துக்கொண்டே வாருங்கள். என் மானிட்டரில் அது 100லிருந்து 24க்கு வந்து நின்றது. முதல் இரண்டு நாள் திரை மங்கலாகத் தோன்றும். கண் பழகிவிடும்.

இது பாதிக் கிணறு. நிறத்தையும் சரிசெய்ய காலிபரேட்டர் வேண்டும். மவுஸ் அளவுள்ள சின்னக் கருவி. திரைமேல் தொங்கவிட்டு யுஎஸ்பியில் செருக வேண்டும். டேட்டாகலர் நிறுவனத்தின் ஸ்பைடர், காலிபிரைட் நிறுவனத்தின் டிஸ்ப்ளே வரிசை ஆகியவை இந்த வகையைச் சேர்ந்தவை. கூட வரும் சாஃப்ட்வேர் திரையில் ஒவ்வொரு நிறமாகக் காட்ட, கருவி அதை அளந்து, கடைசியில் ஐசிசி புரொஃபைல் என்ற பைலை உருவாக்கி விண்டோஸில் பதித்துவிடும். வெள்ளைக்கு 6500 கெல்வின், காமா 2.2, பிரைட்னஸ் 100 நிட்ஸ் என்று கொடுங்கள். 6500 என்பது பகல் வெளிச்சத்தை ஒத்த வெள்ளை. இந்த எண் கூடினால் நீலம் ஏறும், குறைந்தால் மஞ்சள் ஏறும். வேலையைத் தொடங்கும் முன் மானிட்டர் அரை மணி நேரமாவது எரிந்திருக்க வேண்டும்.

மிச்சப் பணத்துக்குச் செலவு என்று சொன்னது இதைத்தான். விலையுயர்ந்த மானிட்டரைக் காலிபரேட் செய்யாமல் பயன்படுத்துவதைவிட, நடுத்தர ஐபிஎஸ் மானிட்டரையும் ஒரு காலிபரேட்டரையும் வாங்குவது எவ்வளவோ மேல். தினமும் தேவைப்படும் கருவி அல்ல, மாதம் ஒரு முறை போதும். நாங்கள் மூன்று நண்பர்கள் பங்கு போட்டு ஒன்று வாங்கினோம். சில மானிட்டர்கள் தொழிற்சாலையிலேயே அளக்கப்பட்டு, 'டெல்டா ஈ 2க்குக் கீழ்' என்ற சான்றுத்தாளுடன் வருகின்றன. உண்மையான நிறத்துக்கும் காட்டப்படும் நிறத்துக்கும் உள்ள வித்தியாசம் கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாது என்று அர்த்தம். நல்ல தொடக்கம்தான். ஆனால் மானிட்டரின் விளக்கு நாளாக ஆக மாறும். ஐசோவின் கலர்எட்ஜ் சிஜி வரிசையில் அளக்கும் சென்சாரே மானிட்டருக்குள் இருக்கிறது. விலையைக் கேட்டால் மயக்கம் வரும், ஸ்டுடியோக்காரர்களுக்கு உரியது.

அறையையும் மறந்துவிடாதீர்கள். என் அறைச் சுவர் கிளிப்பச்சை. எதிரே வெள்ளைச் சட்டை போட்ட ஆள் நின்றாலே பச்சையடிக்கும். மானிட்டருக்கு எதிரே இருந்த சுவரை மட்டும் வெளிர்சாம்பலுக்கு மாற்றினேன். ஜன்னல் வெளிச்சம் திரைமேல் விழாமல் திருப்பி வையுங்கள். கறுப்பு சார்ட் பேப்பரை வெட்டி மானிட்டரின் மேலேயும் இரு பக்கமும் கூரைபோல் ஒட்டினால் நல்ல மறைப்பு. கடையில் இதை 'ஹூட்' என்று தனியாக விற்கிறார்கள். விண்டோஸ் செட்டிங்ஸில் சிஸ்டம், டிஸ்ப்ளே என்று போய் நைட் லைட் ஆஃப் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். மாலையில் திரையை மஞ்சளாக்கும் வசதி அது. மானிட்டரிலேயே 'ஐ கேர்', 'டைனமிக் கான்ட்ராஸ்ட்' என்று ஏதாவது இருந்தால் அவற்றையும் நிறுத்துங்கள்.

கேபிள்

விஜிஏ கேபிளில் பெரிய மானிட்டரை இணைக்காதீர்கள், படம் கலங்கும். 4கே மானிட்டருக்கு டிஸ்ப்ளேபோர்ட் அல்லது எச்டிஎம்ஐ 2.0 வேண்டும். எச்டிஎம்ஐ 1.4ல் 4கே 30 ஹெர்ட்ஸில்தான் வரும், மவுஸ் பாயின்டர் தவழ்ந்து போவதுபோல் இருக்கும். எச்டிஎம்ஐயில் இணைத்ததும் கறுப்பு சாம்பலாகத் தெரிந்தால் கிராபிக்ஸ் கார்டின் செட்டிங்கில் ஆர்ஜிபி ரேஞ்ச் 'லிமிடெட்' என்று இருக்கும். 'ஃபுல்' என்று மாற்றுங்கள்.

டிவியையே மானிட்டராக்கலாமா?

மானிட்டர் விலையில் 43 இன்ச் 4கே டிவி கிடைக்கும்போது இந்தக் கேள்வி வருவது நியாயம்தான். ஓர் இன்ச்சுக்கு 102 பிக்ஸல், அதில் குறையில்லை. ஆனால் டிவி படத்தை அழகுபடுத்திக் காட்டும், தானாகவே ஷார்ப்னெஸ் ஏற்றும், நிறத்தைத் தூக்கும். பல டிவிகளில் பிசி மோட் வைக்காவிட்டால் நிற விவரத்தைப் பாதியாகச் சுருக்கித்தான் காட்டும். சிவப்பு எழுத்தின் ஓரங்கள் மங்கினால் இதுதான் காரணம். முடித்த ஆல்பத்தைக் குடும்பத்துக்குக் காட்ட டிவி அருமை. எடிட் செய்ய வேண்டாம்.

கடையில் பார்க்க வேண்டியது

ரிச்சி தெருவானாலும் உங்கள் ஊர் ஷோரூமானாலும், உங்கள் படங்கள் நான்கைந்தை பென் டிரைவில் எடுத்துப்போங்கள். ஒரு முகம், கறுத்த தலைமுடிகள் நிறைந்த ஒரு குரூப் போட்டோ, ஒரு பட்டுப்புடவை, ஒரு வானம். ஏற்கெனவே நன்றாகப் பிரின்ட் ஆன ஒரு படமும் அதன் பிரின்ட்டும் கையில் இருந்தால் இன்னும் நல்லது. ஷோரூமில் எல்லா மானிட்டர்களும் விவிட் மோடில் முழு வெளிச்சத்தில் இருக்கும். மெனுவில் எஸ்ஆர்ஜிபி அல்லது ஸ்டாண்டர்டுக்கு மாற்றச் சொல்லுங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். ஸ்டாண்டில் உயரத்தை மாற்ற முடிகிறதா என்றும் பாருங்கள். என் பழைய மானிட்டரை உயர்த்த இரண்டு டெலிபோன் டைரக்டரி தேவைப்பட்டது.

இறந்த பிக்ஸல் இருந்தால் மாற்றித் தருவார்களா, எத்தனை இருந்தால் தருவார்கள் என்பதைப் பில் போடும் முன் கேளுங்கள். ஒன்றிரண்டு இருந்தால் ஏற்க மாட்டார்கள் என்பது பல நிறுவனங்களின் விதி. வீட்டுக்கு வந்ததும் பெயின்ட்டில் கறுப்பு, வெள்ளை, சிவப்பு, பச்சை, நீலம் என ஐந்து முழுப் படங்கள் செய்து ஒவ்வொன்றாக முழுத்திரையில் வைத்துப் பாருங்கள். கறுப்புப் படத்தை மட்டும் விளக்கை அணைத்துவிட்டுப் பார்க்க வேண்டும். மூலைகளில் கொஞ்சம் வெளிச்சம் கசிவது ஐபிஎஸ்ஸில் சகஜம். ஓர் ஓரம் முழுக்க மஞ்சளாக எரிந்தால் அன்றே திருப்பிக் கொடுங்கள்.

முதல் பிரின்ட்

புது மானிட்டர் வந்து காலிபரேட் செய்ததும் நான் இருபது ஷீட்டையும் அனுப்பவில்லை. அப்பாவும் அம்மாவும் மாலையுடன் நிற்கும் ஒரு படத்தை மட்டும் 8க்கு 12ல் போடச் சொன்னேன். "கலர் கரெக்‌ஷன் எதுவும் செய்யாதீர்கள், பைலில் உள்ளபடி போடுங்கள்" என்றும் சொன்னேன். லேபில் இருப்பவர் நல்ல எண்ணத்தில் நிறத்தை மாற்றிவிட்டால் தவறு நம் மானிட்டரிலா அவர் கையிலா என்று கண்டுபிடிக்க முடியாது. பைலை எஸ்ஆர்ஜிபிக்கு மாற்றித்தான் கொடுத்தேன். அடோப் ஆர்ஜிபியில் கொடுத்து, லேபின் மெஷின் அதை எஸ்ஆர்ஜிபி என்று எடுத்துக்கொண்டால் நிறம் சோகைபிடித்து வரும்.

லேபிடம் அவர்களுடைய பேப்பருக்கான ஐசிசி புரொஃபைல் இருந்தால் கேட்டு வாங்குங்கள். போட்டோஷாப்பில் வியூ மெனுவில் ப்ரூஃப் செட்அப், கஸ்டம் என்று கிளிக்கிட்டு அந்த புரொஃபைலைத் தேர்வு செய்யுங்கள். பிறகு கன்ட்ரோல் விசையுடன் ஒய் தட்டினால் அந்தப் பேப்பரில் படம் எப்படி வரும் என்று திரையிலேயே தெரியும். மீண்டும் தட்டினால் பழைய நிலைக்கு வரும். மயில்கழுத்து நிறம் எவ்வளவு மங்கப்போகிறது என்பதை இங்கேயே பார்த்து மனதைத் தேற்றிக்கொள்ளலாம்.

பிரின்ட் வந்ததும் மானிட்டர் பக்கத்தில் பிடித்துப் பார்த்தேன். அச்சு அசலாக ஒன்றாக இல்லை. திரை வெளிச்சத்தை உமிழ்வது, பேப்பர் வெளிச்சத்தை வாங்கித் தருவது. ஆனால் அப்பாவின் முகம் முகமாக இருந்தது. புடவை அரக்கு. அம்மாவிடம் காட்டினேன். பிரின்ட்டைக் கையில் வாங்கி, பீரோவிலிருந்து அந்தப் புடவையையே எடுத்துவந்து பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "ம்" என்றார். மறுநாள் மற்ற ஷீட்டுகளை அனுப்பினேன்.

பழைய 32 இன்ச் மானிட்டரை விற்கவில்லை. கேட்ட விலைக்கு மனம் வரவில்லை. இப்போது அது 27 இன்ச்சுக்குப் பக்கத்தில் இரண்டாவது மானிட்டராக இருக்கிறது. லேயர்ஸ், ஹிஸ்டரி பேனல்களையும் போட்டோக்கள் இருக்கும் ஃபோல்டரையும் அங்கே தள்ளிவிடுவேன். உங்களிடமும் பழைய மானிட்டர் இருந்தால் இப்படி வைத்துக்கொள்ளலாம். அதன் பிரைட்னஸையும் குறைத்து வையுங்கள், பக்கத்தில் பளிச்சென்று ஒரு திரை எரிந்தால் கண் மீண்டும் ஏமாறும். நிறம் பார்க்கும் வேலை எதையும் அதில் செய்யாதீர்கள்.